சனிக்கிழமை மேசை

கொழும்புக் கொம்பனியில் பயிற்சி கிடைத்த துவாரகன்
லிஃப்டுக்குள் நின்று எடுத்த படம் அனுப்பியிருந்தான்.
நான் மருதங்கேணியில்,
சங்கக்கடை விறாந்தையில்,
ஆடுகிற மேசைக் காலுக்கு
ஒப்பந்தச் சட்ட வினாத்தாளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"லோயர் எப்ப வருவா, பிள்ளை?"
மத்தியானம். நான் மாணவி.
பெயர், விலாசம், எத்தனை கடன்,
எழுதி வைப்பேன்.

ஞானசீலி மூன்று அட்டைகளை
கடதாசி விளையாட்டுப் போல விரித்தா.
முதலாவது வலைக்கு.
இரண்டாவது முதலாவதைக் கட்ட.
மூன்றாவது எதுக்கெண்டு மறந்துபோச்சாம்.

ஒப்பந்தம் அவவுக்குத் தெரியாத மொழியில்.
கையெழுத்து மட்டும் தமிழ்:
சுழி பிசகாத ஞா,
பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எழுத்து.

வரிவரியாய்த் தமிழில் சொன்னேன்.
"நிபந்தனைகள் யாவற்றையும் நன்கு விளங்கிக்கொண்டு"
என்ற இடத்தில் சிரித்தா.
பின்னால் நின்றவையும் சிரித்தினம்.
சம்மதம் பற்றி ஆறு பக்கம் எழுதி
எண்பத்திரண்டு எடுத்தவள்
பேனை மூடியைக் கடித்தேன்.

"திங்கள் அவங்கள் வந்து
வாசலில குந்தினா?"

எனக்கு அடியுங்கோ என்றேன்.
வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூன்றாவது அட்டையின் பின்பக்கம்
என் நம்பரை எழுதினா.
பக்கத்தில், அதே வடிவான எழுத்தில்,
லோயர்.

வெட்டச் சொல்லவில்லை நான்.