இரைச்சல் என்று எழுதியவை

ஜவாகேத்தி மேட்டில், துமானா ஏரிக்கரையில்,
நெஸ்தான் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கோடு பார்த்தாள்.
கோடு துள்ளும் இடத்தில் புள்ளி வைப்பது வேலை.
முதல் அலை இங்கே. இரண்டாம் அலை இங்கே.
மற்றதெல்லாம் இரைச்சல்:
லாரி, காற்று, ஏரியின் பனி விரியும் சத்தம்,
நிலையத்து வேலியில் முதுகு சொறியும் பசு.

நாளுக்கு நாலு நடுக்கம், மிஞ்சினால் ஆறு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
மலையை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்து
திபிலீசிக்கு எழுதி அனுப்பினாள்.
அவர்களும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

இந்த வசந்தத்தில் பானையையே கவிழ்த்தார்கள்.

தலைநகரில், ஆட்களைவிட இயந்திரங்களுக்காகக்
குளிரூட்டிய ஓர் அறையில்
ஸாஸா தன் நிரலுக்கு எல்லாவற்றையும் ஊட்டினான்,
காகித நாடா, காந்த நாடா,
அவள் இரைச்சல் என்று எழுதி
அடித்துவிட்டவை உட்பட.
பதினோரு நாள் தின்றது.
பிறகு எண்ணிச் சொன்னது:
ஆறு லட்சத்து எழுபதாயிரம்.
அவள் கணக்கில் நாற்பத்து மூவாயிரம்.

நீ தவறவிட்டாய் என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லாதது நன்றாகவே கேட்டது.

திரையில் மேடு முழுக்க அம்மை வார்த்திருந்தது.
அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.
அம்மைக்குள் ஒரு கோடு,
ஏரிக்கு அடியில் தொடங்கி
பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாகத் தெற்கே போகிறது.
எந்த வரைபடத்திலும் இல்லாத பிளவு.
எட்டாயிரம் சின்னச் சின்ன அசைவுகள்.
ஒவ்வொன்றுக்கும் நேராக
அவள் கையெழுத்தில்: காற்று.
காற்று. காற்று. பசு. காற்று.

ஊருக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது.
தினமும் விடியற்காலை நாலு பத்துக்கு,
ஒரே இடம், ஒரே அளவு.
நிரலுக்கு நூற்றில் தொண்ணூற்றேழு பங்கு நிச்சயம்.
ஸாஸா அதற்கு ஒரு பெயர் வைத்து
கட்டுரையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டிருந்தான்.
அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.
அது முஷேக்கின் ரொட்டிக்கடை.
மாவு பிசையும் இயந்திரத்துக்கு ஒரு கால் குட்டை.
ஞாயிறுகளைப் பார், என்றாள் தொலைபேசியில்,
மலை ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்காது.

பார்த்தான். ஞாயிறுகள் காலி.
சரி, இது என்ன, என்று கேட்டான்,
ஏழு வருடம் முன்பு, பிப்ரவரியில்
பன்னிரண்டு நாள் தொடர்ந்து ஒன்றும் இல்லையே?
அவள் உடனே பதில் சொல்லவில்லை.
முஷேக்கின் மனைவி செத்த மாதம் அது.
ஊரே பக்கத்து ஊர் ரொட்டி தின்றது.

இரண்டு பக்கங்களையும் அவன் நீக்கினான்.
பன்னிரண்டு நாளை எந்தப் பத்தியில் போடுவது என்று
அவனுக்குத் தெரியவில்லை.
அவளுக்கும்தான்.

அட்டவணையின் தலைப்பக்கம் ஒரு வெற்றிடம்:
மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலம்.
கருவி மூச்சில்லாமல் கிடந்தது.
அவள் மெழுகுவர்த்தியில் ஒரு நோட்டு வைத்திருந்தாள்.
"பதினாலாம் தேதி. தம்ளர் தண்ணீர் நடுங்கியது."
"இருபது. மறுபடி. கொஞ்சம் பலமாக."
பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள்.
ஸாஸா மரியாதையாகத்தான் எழுதினான்:
அளவு எந்த அலகில் என்று சொல்ல முடியுமா?

தம்ளர், என்று தட்டச்சு செய்தாள்.
அழித்தாள்.
மறுபடி அதையே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

இரவு கட்டிலைச் சுவர் அலமாரியிலிருந்து
இரண்டு முழம் தள்ளிப் போட்டாள்.
தம்ளரில் தண்ணீர் வைத்து
விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அசையவில்லை.
நேற்றுவரை அது ஒரு செய்தி.