பாதிக் கோப்பை

கிளினிக் அட்டையில் எழுதியிருந்தது:
குலேந்திரன், வயது நாற்பத்தாறு,
சீனி இருநூற்றுப் பதினான்கு.
தாதி ஒரு வட்டம் கீறி
நடுவில் கோடிழுத்தா.
"பாதிக் கோப்பை மரக்கறி.
மற்றப் பாதிக்குள்ளதான்
சோறும் மீனும் சண்டை பிடிக்க வேணும்."
இவர் தலையாட்டினார்,
பருத்தித்துறை பஸ்ஸில்
மிச்சக்காசு கேட்கிறவர்களுக்கு ஆட்டுகிற
அதே ஆட்டல்.

சனிக்கிழமை விடிய, திருநெல்வேலிச் சந்தை.
கரட்டும் லீக்சும் மலையிலிருந்து வந்து
லொறிக் களைப்போடு படுத்திருந்தன.
நான் உள்ளூர்ப் பக்கம் போனேன்.
பளபளத்த கத்தரிக்காயை விட்டு
ஓட்டை விழுந்ததைப் பொறுக்க
பரிமளக்கா சிரித்தா.
"என்ன பிள்ளை, மாட்டுக்கோ?"
"இல்லையக்கா. புழு திண்டு பார்த்து
உயிரோட இருக்கு. அதை நம்பி வாங்கிறன்."
ஒரு பிடி வல்லாரையைச் சும்மா போட்டா.
முசுட்டை இலைக்கு மட்டும்
ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில்
எல்லாம் ஊறின.
அடித்த மருந்து போகுமோ தெரியாது,
மனம் கொஞ்சம் ஆறும்.

அன்றிரவு
முருங்கையிலை வறை, பயிற்றங்காய்ப் பால்கறி,
பழப்புளிக்கும் மசியாத பாகற்காய்.
குரக்கன் புட்டை இவர்
விரலால் ஒதுக்கி எல்லை போட்டார்.
எல்லை போட்ட காணி எங்கள் ஊரில்
வழக்கில்லாமல் இருந்ததுண்டா?
பத்து நிமிசத்தில் புட்டு
வறையின் பக்கம் வேலியை நகர்த்திவிட்டது.

டிலக்சனா
பயிற்றங்காய்த் துண்டுகளை எண்ணினாள். ஏழு.
"அப்பாவுக்குத்தானே வருத்தம்,
எனக்கேன் தண்டனை?"

மூன்று கிழமை இப்படி.
சீனி இறங்கவில்லை.
நான் முருங்கை மரத்தைச் சந்தேகித்தேன்.

ஒரு புதன்கிழமை
இவருடைய சட்டையைத் தோய்க்கையில்
பைக்குள் மடித்த கடதாசி,
எண்ணெயில் கண்ணாடியாகி.
பஸ் நிலையத்தில் மிதிவெடி சுற்றிக் கொடுத்தது.
ஏதோ பிள்ளையின் அப்பியாசக் கொப்பித் தாள்.
தலைப்பு: மரக்கறி உண்பதன் நன்மைகள்.
மூன்றாம் வரியில், கரட் கண்ணுக்கு நல்லது.
அதன்மேல் ஒட்டியிருந்தது
அவித்த முட்டையின் மஞ்சள்.
கடைசி வரி "ஆகவே நாங்கள்" என்று தொடங்கி
கிழிந்துபோயிருந்தது.
ஓரத்தில் சிவப்புப் பேனையால்
பத்துக்கு ஆறு.

கிணற்றடியில் தனியே நின்று
சட்டையைப் பிழிந்து பிழிந்து சிரித்தேன்.
பிறகு பசித்தது.

குசினியில்
சட்டி அடியில் கொஞ்சம் வறைத் தூள்,
குழம்பில் தனித்துப்போன கத்தரிக் காம்பு,
அடிப்பிடித்த சோறு.
பதினேழு வருசமாய் என் மத்தியானச் சாப்பாட்டுக்கு
மிச்சம் என்று பெயர்.
இந்தக் கோப்பைக்கு
ஒருவரும் கோடு கீறவில்லை.
நானும்தான்.

பின்னேரம் வந்தவரிடம்
ஒன்றும் கேட்கவில்லை.
தாளை நீட்டினேன்.
கண்ணாடி போட்டு
முதல் வரியிலிருந்து கிழிசல் வரை வாசித்தார்.
"ஆறு காணாது," என்றார்,
"ஏழாவது போட்டிருக்கலாம்."
"முட்டைக்கு ஒன்று கழிச்சிருப்பினம்."
காது சிவக்கும் மனுசன் என்பது
கல்யாணம் கட்டிய நாளுக்குப் பிறகு
இப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரவு, எனக்கு முதலில் போட்டேன்.
வல்லாரைச் சம்பல்,
இப்போதுதான் துருவிய தேங்காயின் ஈரத்தோடு,
கோப்பையில் பாதிக்கு மேலே.
பிறகு மீன்துண்டு, நடுத்துண்டு.
பிறகுதான் சோறு.
இவர் வெறுங்கோப்பையோடு நின்றார்,
இறங்குமிடம் வருமுன்பே எழும்பிவிட்டு
கம்பியைப் பிடித்து நிற்கிறவரைப்போல.

டிலக்சனா எட்டிப் பார்த்தாள்.
"அம்மா, உங்களுக்கும் வருத்தமோ?"

"இல்லையடி.
பசி."