ஒன்று தசம் மூன்று

வயாவிளானில் எழுபத்தொரு குழி.
முதல் பதினைந்து சென்ரிமீற்றர் ஒரு பை,
அடுத்த பதினைந்து இன்னொரு பை.
அதற்குக் கீழே துளைகருவி
சுண்ணக்கல்லில் முட்டிக் கிறீச்சிடும்.
அந்தக் கல்லிலும் காபன் உண்டு,
கடல் இறுகிய காபன்.
அது எங்கள் கணக்கில் இல்லை.
உயிராய் இருந்து உக்கியது மட்டும்,
சேதனம் மட்டும்.
யூட்சன் அவசரத்தில் படிவமெல்லாம்
சேதம் என்று எழுதிவைத்தான்.
ஒரு னகரத்தை இடையில் செருகிச் செருகி
எழுபத்தொரு தரம் திருத்தினேன்.

தயாநிதியக்காவின் காணி
இருபத்தேழு வருசம் முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடந்தது.
உழவில்லை, யூரியா இல்லை, வெங்காயமில்லை.
இப்பில்இப்பில் தானாய் முளைத்து
உதிர்த்ததைத் தானே தின்றிருக்கிறது.
செம்மண் என்று நினைத்துக் கால் வைத்தேன்.
கறுத்த எதுவோ மெத்தென்று அமிழ்ந்தது,
நசுக்கிய விரலில்
ஈரப் புகையிலை நிறம்.
நாற்பத்திரண்டாம் பையில் ஓட்டுத்துண்டும் கரித்துண்டும்.
வீட்டின் எந்த மூலை என்று நான் கேட்கவில்லை.
லேபிளில் அதற்கு இடமுமில்லை.

"எவ்வளவு வரும் பிள்ளை?"
"கூட வரும் போல கிடக்கு."
"கூட எண்டால்
கூடாதோ?"

திருநெல்வேலி ஆய்வுகூடம், கரண்ட் போய் வந்த இரவு.
அரைக்கிராம் மண்,
செம்மஞ்சள் இருகுரோமேற்று பத்து,
அமிலம் இருபது.
குடுவை உள்ளங்கையைச் சுடும்.
அரை மணித்தியாலம் சும்மா இருக்கவேண்டும்.
பிறகு அளவியின் வாயில்
கருநீலம், கருநீலம், இன்னும் கருநீலம்,
பச்சை.
ஒரு துளி தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து.

இந்த முறையில் காபன் முழுதும் எரியாது.
நூற்றுக்கு எழுபத்தேழுதான் அகப்படும் என்று
யாரோ வேறொரு மண்ணில் கண்டார்களாம்.
அகப்படாததற்காக
ஒன்று தசம் மூன்றால் பெருக்குகிறோம்.
காணாமல் போனதற்கு ஒரு மாறிலி.
இந்த ஊரில் அதை உரத்துச் சொல்ல
எனக்கு வாய் வருவதில்லை.
கரித்துண்டோ அமிலத்துக்கும் லேசில் அசையாது.
அதன் பங்கு இந்தப் பெருக்கலுக்குத் தெரியுமோ என்னவோ,
பெருக்கினேன்.

சுன்னாகத்து வெங்காயத் தறை: பூச்சியம் தசம் ஆறு.
தயாநிதியக்கா: இரண்டு தசம் ஒன்பது.

கொழும்பில் இது வரைபடமாகும்.
குறைந்த இடம் மஞ்சள், கூடிய இடம் கடும் கபிலம்.
கொள்கை வரைவின் நான்காம் பந்தியை
முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள்:
செறிவு கூடிய நிலங்கள்
குழப்பப்படாது பேணப்படல் வேண்டும்.
பேணப்படல்.
கம்பிக்கு இன்னொரு சொல் கிடைத்துவிட்டது.

குறிப்பு நிரலில் நாற்பது எழுத்துத்தான் கொள்ளும்.
'உரித்தாளர் உண்டு. திரும்பி வந்துவிட்டார்'
என்று அடித்தேன்.
கடைசி எழுத்துகளைப் பெட்டி விழுங்கியது.

நேற்றுக் காலை போன் எடுத்தா.
"மரவள்ளி நட்டுப்போட்டன். பிழையோ?"
பிழையில்லை என்றேன், சரியாய் யோசிக்காமலே.
அடுத்த மாரிக்கு முன் திரும்ப வருவோம்,
நாற்பத்திரண்டாம் குழி இருந்த இடத்தில்
வரிசைக்கிடையில் கொஞ்சம் வெறுமையாய் விடுங்கோ,
ஒரு பை மண் அளவுக்கு.