பாதைக்குப் போட்ட துணி

நூறு மீட்டர் சுருள்.
புதுச் செருப்பு வாசனை.
கத்தரிப் பாத்திக்கும் வெண்டைப் பாத்திக்கும் நடுவே
உருட்டிவிட்டதும் தானே ஓடி விரிந்தது,
வஃப்ராவைத் தாண்டி அவசரமாய்
எங்கோ போக வேண்டியிருப்பதைப் போல.

இனிக் களை என்ற பேச்சே இல்லை
என்றார் உஸ்தாத் வஜ்தி.
ஐந்து வருஷ உத்தரவாதம், அட்டையில் அச்சிட்டிருந்தது.
சேவுகன் தன் அக்காமாத் தேதியை
மனசுக்குள் எண்ணியது
உதட்டில் தெரிந்தது.

வெட்டிய ஓரம் நூல் நூலாய்ப் பிரியும்.
மொஃபிஸுல் சிகரெட் லைட்டரை
ஓரத்தோடு நடத்திக்கொண்டே போனான்.
உருகி ஒட்டிக்கொண்டது.

குத்துவதற்குக் கொக்கி போதவில்லை.
லாண்டரிக்காரன் எறிந்த ஹேங்கர்களை
வெட்டி வளைத்து இறக்கினோம்.
யார் யார் சட்டையையோ தாங்கிய கம்பி
மண்ணைக் கவ்விக்கொண்டது.

பதினொரு மணிக்கு அதன்மேல் வெறுங்காலை வைத்தவன்
தாய்மொழியில்தான் கத்துவான்.
இந்திக்காரன் என்று நாங்கள் நம்பியிருந்த பையன்
அன்று சுத்தத் தெலுங்கில் கத்தினான்.

மூன்றாவது வாரம்
கோரை.
அடியிலிருந்து யாரோ தைப்பதுபோல்
ஊசி ஊசியாய் மேலே வந்தது.
இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும்.
கிழங்கு இருட்டில் இருந்துகொண்டு
அடுத்த ஊசியைத் தீட்டும்.

பிறகு ஜூன் காற்று, நான்கு நாள்.
தட்டாமல் கொள்ளாமல் உள்ளே வந்த பாலைவனம்
துணிமேல் இரண்டு விரல் உயரத்துக்கு உட்கார்ந்தது.
அங்கே ஒரு சொட்டுக்குழாய் கசிந்தது.
யாரும் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன்.
சரிசெய்யவில்லை.

கீழிருந்து வருவதைத் தடுக்க விரித்தது
மேலிருந்து வந்ததற்குப் பாயானது.
சிவந்த தண்டு, தடித்த சிறு இலை.
பருப்புக்கீரை என்றேன் நான்.
ரிக்லா என்றார் உஸ்தாத்.
பர்பீர் என்று திருத்தினார் முதலாளி.
கட்டு என்ன விலை போகும் என்று
இரண்டு பேரும் பேச ஆரம்பித்த நிமிஷத்தில்
அது களையாய் இருப்பதை
நிறுத்திக்கொண்டது.

பேச்சு முடிவதற்குள்
ஒரு கைப்பிடி கிள்ளி மடித்துக் கட்டிக்கொண்டேன்.
ராத்திரிக்குப் பருப்பு இருந்தது.
உப்புதான் கொஞ்சம் தூக்கல்,
இந்தத் தண்ணீரே அப்படி.

இப்போது பாதையில் யாரும் நடப்பதில்லை.
பாத்தி ஓரமாய், கத்தரி முள் காலில் உரச,
ஒருவர் பின் ஒருவராய்ப் போகிறோம்.
கோரையை மட்டும் பிடுங்குகிறோம்.
மீதிச் சுருள் பம்ப் அறை நிழலில் கிடக்கிறது.
மதியத்தில் சேவுகனுக்குத் தலையணை.