பதினொன்றாம் வளைவு

தடுப்புச் சுவர் சரிந்து இருபத்தெட்டு நாள்.
ஏற்காட்டு வண்டிகள் குப்பனூர் சுற்றிப் போகின்றன.
அஸ்தம்பட்டி அலுவலகச் சுவரில் மட்டும்
என் அட்டவணை சரியாமல் நிற்கிறது.
பச்சை, மஞ்சள், இன்னும் கொஞ்சம் பச்சை.
கம்பி வலை: தொண்ணூறு சதவீதம்.
கல் அடுக்கு: தொண்ணூறு.
வடிகால் குழாய்: தொண்ணூறு.
போன திங்களும் தொண்ணூறுதான்,
அதற்கு முந்தின திங்களும்.
மீதிப் பத்து
மலை மேல் எங்கோ
மூடுபனிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பத்து மணிக்குக் கூட்டம்.
"ஆயிடும் மேடம்" என்பார் ஒப்பந்தக்காரர் அல்லிமுத்து.
ஆயிடும் என்பது எங்கள் ஊரில் வினைச்சொல் அல்ல,
வானிலை.
ஏழு பேர் பேசுவோம், ஏழு பேரும் தலையாட்டுவோம்.
தட்டுவடை செட் வரும்.
பீட்ரூட் துருவல் குறிப்பேட்டில் உதிர்ந்து
எழுதாத பக்கத்தைச் சிவப்பாக்கும்.
வாட்ஸப் குழுவில் அன்றைக்கு
முப்பத்தொரு கட்டைவிரல்.
ஒரு கல்லும் நகராது.

செவ்வாய்க்கிழமை நானே மேலே போனேன்.
மூன்றாம் வளைவில் காது அடைத்தது,
ஏழில் குரங்குகள்,
ஒன்பதில் மழை.
பதினொன்றில்
கை மடக்கி நின்றது ஜேசிபி.
அதனடியில் பச்சியண்ணன்
செல்போனில் லூடோ உருட்டிக்கொண்டிருந்தான்.
கோபம் வந்தது. கேட்டும் விட்டேன்.
அவன் எழவில்லை, விரலை மட்டும் நீட்டினான்.
சுவரின் தலைமாட்டில்
ஒரு சில்வர் ஓக் விழுந்து கிடந்தது,
மிளகுக்கொடி இன்னும் பிடி விடாமல்.
"அத நான் தொட்டா
பாரஸ்ட்டுக்காரங்க என்னத் தொடுவாங்க."

சர்வேயர் நளாயினி கருவிக்குக் குடை பிடித்து
தான் நனைந்துகொண்டிருந்தாள்.
மரம் போனால்தான் அவளுக்கு மட்டம் தெரியும்.
மட்டம் தெரிந்தால்தான் கடைசி மூன்று அடுக்குக்குக்
கல் லாரி ஏறும்;
அது கொண்டப்பநாயக்கன்பட்டியில்
டயருக்குக் கல் வைத்து நிற்கிறது.
கல் வந்ததைக் கண்ணால் பார்க்காமல்
முஸ்தபா பாய் வலை அனுப்பமாட்டார்:
போன முறை மழையில் கிடந்து துருவேறி
பணத்தைப் பிடித்துவிட்டோம்.

என் அட்டவணையில் இது எதுவும் இல்லை.
செய்கிறவருக்குக் கட்டம் உண்டு.
முடிகிற தேதிக்கு உண்டு.
நிற்கிறவருக்கு இல்லை.

ஜீப் பானட்டில் தாளை விரித்து
ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
மேலே எழுதினேன்: யாருக்காக?
பேனா கை மாறியது.
நளாயினி எழுதினாள்: ஜேசிபி.
பச்சியண்ணன்: பாரஸ்ட்டு.
கல் லாரி டிரைவர் போனில் சொன்னதை
நானே எழுதினேன்.
வனக் காவலர் சர்வராயன் கடைசியாக வாங்கினார்.
கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
பிறகு எழுதினார்: மேடம்.

மரத்தை அகற்ற அனுமதி கேட்டு ரேஞ்சருக்கு ஒரு கடிதம்.
எழுதிவிட்டேன்.
எழுதியது நினைவிருக்கிறது,
'அவசரம்' என்று அடிக்கோடிட்டதுகூட.
ஒற்றைக் கோடு சிக்னலில் மின்னஞ்சலைத் திறந்தேன்.
வரைவுகளுக்குள்
பதினாறு நாளாய்ப் படுத்திருந்தது,
இணைக்க ஒரு புகைப்படம் இல்லாமல்.
மரத்தின் புகைப்படம்.
மரம் பத்தடியில் கிடந்தது.

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
பச்சியண்ணன் லூடோவை அணைத்துவிட்டுப் போய்
அடிமரத்தருகே நின்றான்,
"அளவுக்கு ஆள் வேணுமில்ல."
எடுத்தேன். அனுப்பினேன்.
சுழன்று சுழன்று போனது.

வியாழன் அனுமதி வந்தது.
சுவர் இன்னும் முழுசாகவில்லை:
குழாய் அளவு மாறி வந்திருக்கிறது,
சனிக்கிழமை முழுக்க மழை.
அல்லிமுத்து இப்போதும் ஆயிடும் என்கிறார்;
"யாரால?" என்றால்
கொஞ்சம் யோசித்து ஒரு பெயர் சொல்கிறார்.
சதவீதங்களை அழித்துவிட்டேன்.
அந்த இடத்தில் பென்சிலில் ஒரு கட்டம்,
முதல் பெயர் என்னுடையது.

இன்று காலை அதன் கடைசி வரியில்
யாரோ எழுதியிருந்தார்கள்:
ஏழு பேர், தட்டுவடைக்காக.
நளாயினியின் கையெழுத்து.
அது ஒன்று மட்டும்
அன்றைக்கே முடிந்தது.