மூலைவிட்டம்

சந்தூர் நாற்றுப்பண்ணையில் பகலெல்லாம் எனக்கு
ரசீது போடும் வேலை.
மல்கோவா ஐம்பது, செந்தூரா நூறு,
லாரி வாடகை தனி.
இரவில் குகை தோண்டுகிறேன்.

குகை என்றால் எழுத்துதான்.
சுவர் ஒரு வேலிக்குறி, தரை ஒரு புள்ளி,
ஓநாய்க்கு ஓ, பேய்க்குப் பே.
நாயகன் மட்டும்
மின்னஞ்சல் முகவரிகளின் நடுவில் குந்தியிருக்கும் அந்தச் சுழி.
எழுபதுக்கு எழுபது கட்டம்.
செத்தால் செத்ததுதான்,
சேமித்த இடத்துக்குத் திரும்பும் சலுகை கிடையாது.
ஆட்டம் இலவசம், அதன் மூலநிரலும் இலவசம்,
யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்
எதனால் செத்தோம் என்று.

நான் எழுதும் மொழியில் எதையும் மாற்ற முடியாது.
ஓநாய் கடித்தால் நாயகனுக்கு உயிர் குறைவதில்லை;
குறைந்த உயிரோடு இன்னொருவன் பிறக்கிறான்.
பழையவன் கடிபடாமல் அங்கேயே நிற்பான்,
இனி அவனை யாரும் கூப்பிடப்போவதில்லை என்று
உறுதியானதும் குப்பை வண்டி வரும்.

கம்பைலர் கறார்.
இங்கே ஓர் எண் இருக்கலாம் என்றால்
இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்கும்.
பதில் சொல்லும்வரை நகராது.
கடன் சொல்லிப் போகும் வியாபாரிகளிடம்
எங்கள் முதலாளி திம்மராயன்
ஒருநாளும் கேட்காத கேள்வி.

ஆடியில், ஒட்டுக்கட்டு மும்முரத்தில்,
பெயர் போடாத ஒருவரிடமிருந்து புகார்:
"நாற்பத்தோரு முறை செத்துவிட்டேன்.
நாற்பத்தோரு முறையும் மூலைவிட்டத்தின் மேலேயே பிறந்தேன்.
இது விதியா, பிழையா?"

ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துப் பார்த்தேன்.
மூன்றாம் வரிசை, மூன்றாம் கட்டம்.
பதினேழு, பதினேழு.
ஒன்பது. ஒன்பது.

பழியை முதலில் கம்பைலர் மேல் போட்டேன்.
வேகத்துக்கு ஆசைப்பட்டு
இரண்டு அழைப்பை ஒன்றாக்கிவிட்டது என்று
அது கக்கிய இடைநிலை வரிகளை
மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன்.
போச்சம்பள்ளிப் பக்கம் மழை, இரண்டு தரம் கரண்ட் போனது.
அது நான் சொன்னதைத்தான் செய்திருந்தது.
விதையிலிருந்து ஓர் எண் எடு என்றேன், எடுத்தது.
அடுத்த எண்ணுக்கென்று ஒரு புது விதையையும் நீட்டியது.
அதைக் கண்டுகொள்ளாமல்
பழைய விதையையே மறுபடி கொடுத்திருக்கிறேன்.
ஒரே கேள்வி, ஒரே பதில்.
நாற்பத்தோரு சாவு.

மாதேஸ்வரி குச்சியைச் சீவிக்கொண்டிருந்தாள்,
பல்லிடுக்கில் பிளாஸ்டிக் நாடா.
ஒரே விதை போட்டால் ஒரே குகைதான் வரும் என்றேன்.
நாடாவை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.
"கொட்டையில வந்த மரம் என்னைக்குத் தாய் மாதிரி காய்ச்சுது?
அதனாலதான் எனக்குச் சம்பளம்."

திருத்தம் ஒரு சொல்.
விதை என்றிருந்த இடத்தில் புதுவிதை.
நாயகன் மூலைவிட்டத்தை விட்டு இறங்கினான்.
அவனுக்குப் பிறகு போடும் சுவர், கதவு, சுனை, ஓநாய்
எல்லாம் ஒரு படி நழுவி
வேறு வேறு இடத்தில் போய் விழுந்தன.
அதை நான் யோசிக்கவில்லை.
யோசித்ததுபோல் வெளியீட்டுக் குறிப்பில் எழுதினேன்:
பழைய விதை எண்கள் இனிப் பழைய குகைகளைத் தரா.

நாற்பத்தோரு முறை செத்தவர் மறுபடி எழுதினார்.
நன்றி எதுவும் இல்லை.
"ஆயிரத்து நூற்றேழில் ஒரு சுனை இருந்தது.
பக்கத்தில் ஓநாய் தூங்கும்.
அதை எழுப்பாமல் தண்ணீர் குடித்துவிட்டுத்தான்
கீழே இறங்குவேன்.
கீழே எப்படியும் சாவு.
ஆனால் சுனை இருந்தது."

பிழையுள்ள கிளையை இன்னும் வெட்டவில்லை.
பண்ணையில் வெட்டியிருப்பார்கள்,
ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது எதையும் விட்டுவைப்பதில்லை.
நேற்று இரவு அதில் ஏறி
ஆயிரத்து நூற்றேழு என்று அடித்தேன்.

சுனை அங்கேயே இருந்தது.
எனக்கு ஓநாய் விழித்துக்கொண்டது.