காது

கோபாலபுரம் கால்நடைச் சோதனைச் சாவடியில்
இந்த வாரம் எனக்கு ராத்திரிப் பணி.
பாலக்காட்டிலிருந்து திரும்பும் கோழி வண்டிகளின்
சக்கரத்துக்கு மருந்தடிக்க வேண்டும்.
அந்தப் பக்கம் போகும் மாடுகளின் காதில்
மஞ்சள் வில்லை இருக்கிறதா,
பன்னிரண்டு இலக்கமும் தெரிகிறதா என்று
டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.
மற்ற நேரம் என்னுடையது.

மேசையின் இரண்டாவது இழுப்பறையில்
தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில்
பல்கேரியா இருக்கிறது.

நாடு அங்கேயேதான் இருக்கிறது,
இதையெல்லாம் கொடுத்த அரசுதான் போய்விட்டது.
பால் கறந்தவளுக்கு, சுரங்கத்தில் இறங்கியவனுக்கு,
பிள்ளைகள் நிறையப் பெற்றவளுக்கு
நட்சத்திரமும் பற்சக்கரமும் கோதுமைக் கதிரும்.
முகப்பில் எனக்கு அக்கறையில்லை.
நான் பார்ப்பது
தொங்கும் விதம்.

பதக்கத்தின் தலையில் ஒரு காது.
ஊசிக்கும் காதுதான், வாணலிக்கும் காதுதான்,
தமிழில் எதைக் கோக்கப் போனாலும்
முதலில் ஒரு காது வேண்டும்.
காதில் வளையம், வளையத்தில் நாடா.
சிலதில் காது உடம்போடு வார்த்தது,
சிலதில் அப்புறம் பற்றவைத்தது.
வளையம் வட்டம், சமயத்தில் நீள்வட்டம்.
நாடா ஐங்கோணமாக மடிந்திருக்கும்,
இல்லையென்றால் செவ்வகத் தகட்டில் இழுத்துக் கட்டியிருக்கும்.
பின்னால் ஊசி. அல்லது திருகு.
கொள்கை மாறி இப்படி ஆகியிருக்காது,
அந்த வருஷம் அந்தக் கம்பி கிடைத்திருக்காது.
கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்து
பச்சை நோட்டில் குறித்து வைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை சசீந்திரன்
கட்சி மாநாட்டுக் கண்காட்சிக்கு ஐந்து கேட்டான்.
"நம்மடெ சாதனமல்லே, மேடம்."
அவன் மாமனார் வீட்டுப் பாத்திரம் மாதிரி.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.
மூன்று நாள் சிவப்புத் துணியில் குத்தியிருந்தார்களாம்.
ஒருவர் முஷ்டி உயர்த்தினாராம்.
ஒரு குழந்தை, சாக்லேட்டா என்று கேட்டதாம்.

திரும்பி வந்தது மினுமினுவென்று.
புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள்.
அவன் மனைவி பிரசீதா நாடாக்களைக் கழற்றி
சோப்புப் பொடியில் அலசி
இஸ்திரியும் போட்டிருந்தாள்.
நாற்பது வருஷத்துப் பழுப்பு
ஒரே மத்தியானத்தில்
கொழிஞ்சாம்பாறைச் சாக்கடையோடு போய்விட்டது.
"புதுசு மாதிரி ஆயில்லே?"
ஆச்சு என்றேன்.
அவன் முகத்தையும் சேர்த்துத் தேய்த்த மாதிரி
அப்படி ஒரு பளபளப்பு. வேறென்ன சொல்வது?

அப்புறம்தான் பார்த்தேன், மாட்டும்போது மாறியிருக்கிறது.
உழைப்புக்குக் கொடுத்ததன் காதில்
தாய்மைக்குக் கொடுத்ததன் வளையம்.
தாயுடையது எங்கோ உருண்டு தொலைந்திருக்க வேண்டும்,
அதற்குப் பதில் வெள்ளியில் ஒன்று.
கொலுசிலிருந்து கழற்றியது.
கேட்கவில்லை. யார் கொலுசு என்று தெரியும்.

சிரிக்கட்டுமே என்று படம் எடுத்து
பிளவ்திவ் நகரத்து இவைலோவுக்கு அனுப்பினேன்.
அவர் சிரிக்கவில்லை.
இந்த வகையை நான் பார்த்ததே இல்லை,
எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு,
விலை சொல்லுங்கள் என்றார்.
நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்ன தொகை
என் ஒன்றரை மாதச் சம்பளம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி.
ஆறு மாடு, அதில் ஒன்றுக்கு வில்லை காதில் இல்லை.
கொம்பில், கயிற்றுத் துண்டில் ஆடுகிறது.
"காது கிழிஞ்சு போச்சுங்க, என்னதான் பண்றது" என்றான் ஓட்டுநர்.
டார்ச் அடித்தேன். மாடு கண்ணை மூடவில்லை.
கிழிந்த இடம் ஆறி, ஓரம் சுருண்டிருந்தது.
பன்னிரண்டு இலக்கமும் சரி.
சட்டத்தில் காது என்றுதான் இருக்கிறது.
ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல,
பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.
போகச் சொன்னேன்.

உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டு
இவைலோவுக்கு எழுதினேன்.
தொழிற்சாலை: பிரசீதா.
ஆண்டு: போன ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பக்கம் மூன்று புள்ளிகள் தோன்றின,
மறைந்தன,
மறுபடியும் தோன்றின.